வாசல் தாண்டாத பொட்டணம்

எங்கள் வீட்டுக்குள் கடைச் சாப்பாடு வரக் கூடாது. கல்யாணமாகி வந்த முதல் வருஷமே எனக்கு இது தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்பது மாதம் கழித்து வீடு திரும்பிய என் கணவருக்கு அன்று அது மறந்துபோயிருந்தது, அல்லது மறந்தது போல இருந்துவிட்டார்.

எண்பதுகளின் நடுவில், மாம்பழக் காலத்தில் ஒரு சாயங்காலம். திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் ஏறி வழியில் இறங்கி, ஒரு மைல் உள்ளே நடந்தால் எங்கள் தோட்டத்து வீடு. அவர் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தார். ஆந்திராவிலும் அதற்கு வடக்கேயும் ஊர் ஊராகப் போய்த் தண்ணீருக்காகப் பூமியைத் துளைத்துப் போர் போடும் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வருவார், அதிகம் போனால் இரண்டு முறை. அந்தத் தடவை ரிக்கை எஞ்சின் வேலைக்காகத் திருச்செங்கோட்டுப் பட்டறையில் விட்டுவிட்டு, கூடப் போகிற குழாய் லாரியை மட்டும் வீட்டுக்கு ஓட்டி வந்து களத்தோரம் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். பட்டறை வேலை முடிய இருபது நாள் ஆகும், அதுவரை இங்கேதான் இருப்பேன் என்றார்.

லாரியிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு பொட்டணம். செய்தித்தாளில் எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பரோட்டா. சால்னாவைத் தனியாகச் சின்ன பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, வாயில் நூல் சுற்றியிருந்தார்கள்.

என் மாமியார் வாசற்படியில் நின்றிருந்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

“வா சாமி,” என்றார். மகனின் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். “அதென்ன கையில?”

“பரோட்டாங்கம்மா. புள்ளைக்கு வாங்கியாந்தேன்.”

“அதை அக்கட்ட வெச்சுப்போட்டு உள்ள வா.”

“ஏம்மா, ஒம்பது மாசங் கழிச்சு வாரேன். மொதப் பேச்சே இதுங்களா?”

“ஒம்பது மாசமா வெளியதான தின்னுபோட்டு வாரே? ஊட்டுக்கு வந்தும் அதேயா? உன்ற பொண்டாட்டி அடுப்புல சோறாக்கி வெச்சுட்டு நிக்கறா. அவ என்ன செத்தா போயிட்டா?”

இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்களுக்கு முகம் சுண்டிப்போகும். எனக்கு அது வசவு இல்லை என்று தெரியும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சொந்தக்காரர்கள்தான் தங்கள் வீட்டில் சோறாக்கிப் போசியிலும் இலையிலும் கொண்டுவந்து கொடுப்பார்கள். என் மாமனார் இறந்தது எனக்குக் கல்யாணமான ஆறாம் மாதம். அடுப்பில்லாத அந்த நாட்களில், வெளியிலிருந்து சோறு வாசல் தாண்டி வரும் ஒவ்வொரு தடவையும் அத்தை சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். அதற்குப் பிறகு, சமைத்த சோறு வெளியிலிருந்து வந்தாலே அவருக்கு அந்த நாட்கள்தான். அடுப்பு எரிகிற வீட்டுக்குள் எதற்கு வெளிச்சோறு வர வேண்டும்? விஷயம் சுத்தமோ காசோ இல்லை.

என் கணவர் பொட்டணத்தை லாரியின் படியில் வைத்துவிட்டு வந்தார். எங்கள் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். மூன்று வயது முடிய இரண்டு மாதம் இருந்தது.

அவர் குனிந்தார். “கண்ணு, அப்பா வந்திருக்கறனல்லோ. வா.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடினாள். கூடத்துச் சுவரில் எங்கள் கல்யாண போட்டோ மாட்டியிருக்கிறது. அதைக் கை நீட்டிக் காட்டி, “அப்பா அங்க இருக்குது,” என்றாள். இந்த ஆள் ஏதோ பொய் சொல்கிறார் என்பது போல இருந்தது குரல்.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். எனக்கு வரவில்லை. ஏனென்றால் அது நான் கற்றுக்கொடுத்தது.

அவர் போன ஒன்பது மாதமும் தினமும் காலையில் பால் கொடுக்கும்போது அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் போட்டோவுக்கு எதிரில் நிற்பேன். “யாரு அது?” “அப்பா.” “அப்பா எங்க?” “அங்க.” அப்பாவை மறந்துவிடக் கூடாதே என்ற பயம். ரிக்குக்குப் போகிறவர்கள் வீடுகளில் பலரும் இப்படித்தான் செய்தோம். பாடம் நன்றாகவே ஏறிவிட்டது. அப்பா என்றால் மாலை போட்டுக்கொண்டு, மெல்லிசாக மீசை வைத்து, சட்டத்துக்குள் இருப்பவர். கறுத்துப்போய், டீசல் வாசனையோடு, தாடி முளைத்து வந்து நிற்கிற இந்த ஆள் வேறு யாரோ.

அவர் முகம் கழுவப் போகும்போது, “வுடு, இருவது நாள் இருக்குதல்ல,” என்றார். என்னைத் தேற்றச் சொன்னாரா, தன்னையே தேற்றிக்கொண்டாரா, தெரியவில்லை. அந்த இருபது நாளை நான் அன்றே எண்ண ஆரம்பித்துவிட்டேன். அவர் திரும்பப் போவதற்குள் குழந்தை ஒருமுறையாவது அவரை அப்பா என்று கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு ஒன்பது மாதத்துக்கு அவர் போட்டோதான்.

இன்னொரு கவலை அதற்கு முன்பிருந்தே இருந்தது. அவள் சாப்பிட மாட்டாள்.

நான் அயோத்தியாப்பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள். சேலத்தில் கல்லூரி ஒரு வருஷம் படித்தேன். படித்த பெண் என்பதால் இந்த வீட்டில் எனக்கு ஒரு மரியாதையும் உண்டு, கொஞ்சம் கேலியும் உண்டு. சுகாதார நிலையத்தில் குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்து வைத்திருந்தேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி. பத்து மணிக்குப் பழம். மத்தியானம் பருப்பும் நெய்யும் போட்டுக் குழைத்த சோறு, கீரை கடைந்தது. எல்லாம் நேரத்துக்குச் செய்வேன். அவளோ வாயைத் திறக்க மாட்டாள். சோற்று வட்டலைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகை, கிணற்று மேடு, களம் என்று அவள் பின்னால் அலைவேன். எத்தனை வாய் உள்ளே போயிற்று என்று மனதுக்குள் எண்ணுவேன். போன இரண்டு தடவையும் எடை ஏறவில்லை என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். “வெளிச் சாப்பாடு எதுவும் குடுத்துப் பழக்காதீங்க,” என்றும் சொன்னார். நான் ஏதோ தினமும் ஓட்டலில் வாங்கிக் கொடுப்பது போல எனக்கு அன்று முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்படி எண்ணி எண்ணி ஊட்டிய குழந்தை, அவர் வந்த மறுநாள் சாயங்காலம் ஒரு முழு பரோட்டா தின்றாள்.

அன்றும் அவர் பட்டறையிலிருந்து பஸ்ஸில் வரும்போது பொட்டணத்தோடுதான் வந்தார். அம்மாவிடம் ஒன்றும் பேசாமல் நேராகப் போய் லாரியில் ஏறி, கேபின் சீட்டில் உட்கார்ந்து, கதவைத் திறந்தபடி வைத்துப் பொட்டணத்தைப் பிரித்தார். இலை சூட்டில் வதங்கிய வாசனையும் சால்னா வாசனையும் களம் முழுக்கப் பரவியது. களத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள் மெதுவாகப் போய் லாரிப் படிக்குக் கீழே நின்றாள். அவர் கூப்பிடவில்லை. ஒரு துண்டைப் பிய்த்துச் சால்னாவில் தொட்டுக் கீழே நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். இன்னொன்று. பிறகு இரண்டு கையையும் தூக்கினாள், அவர் தூக்கி மேலே உட்கார வைத்தார்.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் பருப்புச் சோறு பிசைந்த வட்டல். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு வருஷமாக நான் கெஞ்சியும் திறக்காத வாய். மைதாவும் எண்ணெயும் எவனோ அடித்துப் போட்ட அந்த மாவும் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அதே நேரம் அந்த இலை வாசனை என்னையும் எங்கேயோ கூட்டிக்கொண்டு போனது. என் அப்பா ஒரு ஆபீஸில் குமாஸ்தா. சம்பள நாளன்று சேலத்தில் பஸ் ஏறும் முன்பு மசால் தோசை வாங்கிக்கொண்டு வருவார். நாங்கள் நாலு பேரும் பொட்டணத்தைச் சுற்றி உட்காருவோம். அன்று ஒருநாள்தான் அம்மா அடுப்பைப் பார்க்காமல் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார், சிரித்துக்கொண்டே இருப்பார். இந்த வீட்டுக்கு வந்தபின் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் அம்மாவைச் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

அத்தை என் பின்னால் வந்து நின்று ஜன்னல் வழியே பார்த்தார்.

“லாரிக்குள்ளதான தின்னுது. ஊட்டுக்குள்ள இல்லயே,” என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் பஸ் வரும் நேரமானால் அவள் போய் வண்டித் தடத்தில் நின்றுகொள்வாள். நாலாவது நாள், அவர் தலை தெரிந்ததும், “பொட்டணத்து மாமா வந்துட்டாரு!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

களத்தில் கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனார்கள். “பெத்த அப்பனையே மாமாங்கறா பாரு!” என்றாள் ஒருத்தி. “அவளுக்கென்ன, தீனி போடற ஆளெல்லாம் மாமந்தான்,” என்றாள் இன்னொருத்தி. அவரும் கூடச் சிரித்தபடி வந்து மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஆனால் லாரிப் பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டதை நான் பார்த்தேன்.

ஏழாம் நாள் காலையில் குழந்தைக்கு வயிற்றால் போயிற்று. இரண்டு தடவைதான். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தேன், மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. ஆனால் காலையில் அது தெரியாமல் நான் பயந்துபோய் அவரிடம் ஓடினேன். அவர் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, இன்னிக்கு அந்தப் பரோட்டா வேண்டாங்க. நான் அப்பவே நெனச்சேன். நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. எந்த எண்ணெயோ, எத்தனை நாளு எண்ணெயோ. இத்தனை நாளா நான் பாத்துப் பாத்துக் குடுத்ததெல்லாம் வீணாப் போச்சு.”

அவர் என்னையே பார்த்தார். “செரி,” என்றார். “இனி வாங்கியார மாட்டேன்.” செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முந்தின நாள் மத்தியானம் அவள் அழுகையை நிறுத்த ஒரு மாங்காய் கொடுத்திருந்தேன். பாதிதான் பழுத்திருந்தது. முழுசையும் கடித்துத் தின்றுவிட்டாள். காலையில் எனக்கு முதலில் ஞாபகம் வந்ததே அந்த மாங்காய்தான். ஆனால் வாயில் வந்தது பரோட்டா.

அன்று சாயங்காலம் அவர் வெறுங்கையோடு வந்தார். அவள் தடத்தில் நின்றிருந்தாள். “பொட்டணம்?” என்றாள். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்து வந்து ஆட்டுக்குட்டியிடம் போய்விட்டாள்.

அவர் உள்ளே வந்து அத்தை போட்ட சோற்றைச் சாப்பிட்டார். நல்லா இருக்குது என்றார். பிறகு போய் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கதவு திறந்தே இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. அவள் ஒருமுறை படி வரைக்கும் போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். எண்ணிக்கொண்டிருந்த இருபது நாளில் பத்து போய்விட்டது. நான் காப்பாற்றியது குழந்தையின் வயிற்றையா, அல்லது என் வட்டலின் மானத்தையா?

பதினோராம் நாள் மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி எல்லாம் வதக்கி, அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாய்ப் போட்டு வேகவைப்பது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு செய்வதுதான். சாயங்காலத்துக்கென்று கொஞ்சம் எடுத்து மூடி வைத்தேன். பஸ் வரும் நேரம் நெருங்கும்போது ஒரு யோசனை வந்தது. வாழை இலையைக் கிழித்து நெருப்பில் லேசாக வாட்டினேன். அதில் சோற்றை வைத்து, நடுவில் குழி பறித்து நெய் விட்டு, மடித்து, மேலே பழைய பேப்பரைச் சுற்றினேன். நூலால் கட்டப் பார்த்தேன். வரவில்லை. ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் பிதுங்கியது. முடிச்சு மேல் முடிச்சாய்ப் போட்டு ஒருவழியாய் நிறுத்தினேன். பார்த்தால் கட்டுப் போட்ட கை மாதிரி இருந்தது.

அத்தை பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

“என்ன புள்ள பண்றே?”

அடுப்படியிலேயே பொட்டணம். என்ன சொல்வார்? “கட்டுச்சோறுங்க அத்தை,” என்றேன்.

“கட்டுச்சோறா? யாரு எங்க போறாங்க?”

“லாரிக்குங்க.”

அத்தை ஜன்னல் வழியே லாரியைப் பார்த்தார். நாற்பது அடி தூரத்தில் நின்றிருந்தது. என்னைப் பார்த்தார். பொட்டணத்தைப் பார்த்தார்.

“நெம்பத் தூரந்தான்,” என்றார். “வெளிய போற சோத்துக்கு ஒரு கொறையும் இல்ல. உள்ள வாரதுதான் ஆகாது.” பிறகு உறியிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்கினார். “மாங்கா ஊறுகா ரெண்டு வெய்யி. அதில்லாம அவனுக்குச் சோறு எறங்காது.”

மாங்காய் என்றதும் எனக்கு முகம் சூடேறியது.

பொட்டணத்தைக் குழந்தையின் இரண்டு கையிலும் வைத்தேன். சூடாக இருந்ததால் பாவாடையில் ஏந்திக்கொண்டாள். “லாரியில கொண்டு போய்க் குடு,” என்றேன். யாரிடம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தே கெடுத்தவள் நான்.

அவர் அப்போதுதான் வந்து கேபினில் உட்கார்ந்திருந்தார். அவள் தத்தித் தத்திப் போய்ப் படிக்குக் கீழே நின்று, “மாமா, பொட்டணம்!” என்றாள். வாங்குகிறவள் கொடுக்கிறவளானதில் அவளுக்குத் தாங்க முடியாத பெருமை.

அவர் இறங்கி வந்து அவளையும் பொட்டணத்தையும் சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்தார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. பல்லால் கடித்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“யாரு கட்டினது இதை? முடிச்சுப் போட்டா பசிக்கறவன் எப்படி அவுப்பான்? இங்க வா புள்ள.”

கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் அந்த லாரியில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. சீட்டில் பழைய போர்வை விரித்திருந்தது. டீசலும் வியர்வையும் கலந்த வாசனை. அவர் நூலைப் பொட்டணத்தின் நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்கில் ஒரு சுற்று சுற்றி, கடைசி நுனியை முடிச்சுப் போடாமல் முறுக்கிச் சுற்றுக்கு அடியில் செருகிக் காட்டினார். “இப்ப இழு.” குழந்தை இழுத்தாள். நூல் முழுவதும் ஒரே இழுப்பில் கழன்று வந்தது. அவளுக்கு அது பெரிய வித்தையாகிவிட்டது. மறுபடி கட்டச் சொன்னாள், மறுபடி இழுத்தாள். நாலாம் தடவைக்குப் பிறகுதான் எங்களைச் சாப்பிட விட்டாள். பிறகு எங்களோடு சேர்ந்து தின்றாள். தினமும் மத்தியானம் நான் வட்டலில் போட்டும் அவள் வாயைத் திறக்காத அதே சோறு. நான் வாய்களை எண்ண ஆரம்பித்தேன், பாதியில் மறந்துபோனேன்.

“ரிக்குல சமையக்காரன் இதையே ஆக்குவான்,” என்றார் அவர். “நம்மூரு அரிசி, நம்மூரு பருப்பு, எல்லாம் மூட்டையோட கொண்டு போவோம். ஆனா என்னமோ வேற மாதிரித்தான் இருக்கும். தண்ணியோ என்னமோ.”

“அப்புறம் எதுக்குங்க இங்க வந்தும் கடையில வாங்கணும்?”

அவர் இலையில் ஒட்டிய பருக்கைகளைக் கூட்டினார். “ஊட்டுக்கு வாரப்ப கையில ஏதாச்சும் இருக்கோணும் புள்ள. சும்மா கைய வீசிட்டு உள்ள வரக் கூச்சமா இருக்குது. அதும் இவ என்னைய யாருன்னே தெரியாம பாக்கறப்ப.”

அதற்கு மேல் என்னால் வைத்திருக்க முடியவில்லை. “அன்னிக்கு வயித்தால போனது பரோட்டாவாலன்னு நிச்சயமில்லீங்க. நான் மாங்கா குடுத்திருந்தேன். பாதிதான் பழுத்திருந்துச்சு.”

“தெரியுமே,” என்றார்.

“தெரியுமா?”

“கடிச்ச கொட்டைய இந்தப் படியிலதான் கொண்டாந்து வெச்சிருந்தா. எனக்கு வெச்சாளோ என்னமோ.”

“அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“நீ பயந்து போயி நின்னே. பயந்தவகிட்ட நாயம் பேசி என்ன ஆகுது?”

குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நூலை ஸ்டியரிங்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வெளியே பார்த்தபடி இருந்தேன். கண்ணில் வந்ததை அவர் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று.

மீதி நாட்கள் எல்லாச் சாயங்காலமும் லாரியில்தான். ஒருநாள் கம்பஞ்சோறும் மோரும், அதைப் பொட்டணம் கட்ட முடியாமல் தூக்குப் போசியில் கொண்டு போனோம். அவளுக்கு அது பொட்டணமே இல்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒருநாள் பச்சைப்பயறு கடைந்தது. நடுவில் ஒருநாள் நானே அவரிடம், “இன்னிக்கு வரும்போது பரோட்டா வாங்கிட்டு வாங்க,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் யோசிப்பதுண்டு. நர்ஸம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்றும் அன்று பயந்தேன். ஆனால் நாங்கள் மூன்று பேரும் கேபினில் உட்கார்ந்து அதைப் பிய்த்துத் தின்றபோது என் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. குழந்தையின் வயிற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இவ்வளவு நடந்தும் அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள். அவரும் அதற்கே “என்ன சாமி” என்று திரும்பப் பழகிவிட்டார். நான் ஒருமுறை போட்டோவைக் கழற்றிக்கொண்டு வந்து, “இதுவும் அதுவும் ஒண்ணுதான் பாரு,” என்று அவர் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இல்ல,” என்றாள். அவர் சிரித்தார். “மாலை இல்லயே, அதான்,” என்றார். “வுடு புள்ள. கேட்டு வாங்கறதா அது?”

இருபத்தொன்றாம் நாள் காலையில் கிளம்பினார். மூன்று நாள் தாங்குகிற மாதிரி புளிச்சோறு கிளறி, அத்தையும் நானும் உட்கார்ந்து பொட்டணங்கள் கட்டினோம். எல்லாம் முடிச்சில்லாமல், நுனியைச் செருகி. அத்தைக்கு முதலில் வரவில்லை, நான்தான் கையைப் பிடித்துக் காட்டினேன். “இத்தனை வயசுக்கு இதையும் கத்துக்கறன் பாரு,” என்று முணுமுணுத்தார். லாரி புறப்பட்டபோது குழந்தை கையாட்டினாள். “டாட்டா மாமா!” என்றாள். அவர் கதவு வழியே தலையை நீட்டி, “போயிட்டு வாரேன் சாமி,” என்றார். லாரி தடத்தில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குள் ஒரு கணக்கு தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் வட்டலில் போட்டதை அவள் தொடவில்லை. சாயங்காலம் இலையில் கட்டிக் கொடுத்தேன். அதை ஏந்திக்கொண்டு வழக்கம் போலக் களத்துக்குப் போனாள். வேப்பமரத்தடியில் லாரி இல்லை. இருபது நாள் நின்ற இடத்தில் கன்னங்கரேலென்று எண்ணெய் சொட்டிய கறை, அதைச் சுற்றி நாலு டயர்த் தடம். அவள் அங்கேயே நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்து நூலை இழுத்தாள். பொட்டணம் திறந்துகொண்டது. தின்ன ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தார். “எனக்கும் ஒரு வாய் குடு சாமி,” என்று சொல்லிக்கொண்டே எங்களுக்கு எதிரில், அந்தக் கறைக்குப் பக்கத்தில் உட்காரக் குனிந்தார்.

குழந்தை வாயில் சோற்றோடு கையை நீட்டித் தடுத்தாள்.

“ஆத்தா, அங்க உக்காராத. அது அப்பா எடம்.”

அத்தை குனிந்தபடியே நின்றார். என்னைப் பார்த்தார். அவர் மெதுவாக இந்தப் பக்கம் சுற்றி வந்து என் அருகில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “செரி சாமி, உக்காரல,” என்றார். “அப்பா வந்து உக்காரட்டும்.”

குழந்தையிடம் அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்க எவ்வளவோ ஆசையாக இருந்தது. கேட்டால் மறுபடி பாடமாகிவிடும்.

அவருக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒருநாள் தாமதமாகச் சொன்னதை எழுதினால் சந்தோஷப்படுவாரா, பக்கத்தில் இல்லாமல் போனோமே என்று வருத்தப்படுவாரா? ரிக் போகிற வழியில் அவருக்கு வரும் கடிதத்தை வாங்கி வைத்துக் கொடுக்கும் ஒரு கடையின் விலாசம் இருந்தது. இன்லண்டு லெட்டரில் நாலு வரி எழுதினேன், நன்றாயில்லை. எடை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று நர்ஸம்மா சொன்னதை எழுதினேன். மழை வரும் போலிருக்கிறது என்று எழுதினேன். அத்தை சுகம் என்று எழுதினேன். கடைசியில் அதையெல்லாம் விட்டுவிட்டு இன்னொரு லெட்டர் எடுத்து, அவள் சொன்னதை மட்டும், சொன்ன மாதிரியே எழுதி ஒட்டினேன்.